அண்ணாந்தால் விழுகிறவன்

கிருபனின் தோளில் எந்தக் குறையும் இல்லை. கஜந்தியைக் குடைந்ததே அதுதான்.

துபாயின் சத்வாவில் தையல் கடைகளுக்கு மேலே இருந்த தன் பிசியோதெரபி கிளினிக்கில், வெள்ளிக்கிழமை காலை, தம்பியை உட்காரவைத்து எல்லாவற்றையும் மறுபடி சோதித்தாள். விசை அளக்கும் கருவியை இடது கையால் தள்ளச் சொன்னாள், பிறகு வலது கையால். முள் இரண்டு முறையும் ஒரே இடத்தில் நின்றது. கையைப் பின்புறம் முறுக்கினாள். மேலே தூக்கி, தன் எடை முழுவதையும் போட்டு அமுக்கினாள். அறுவை செய்து தைத்த மூட்டு அசையவில்லை.

ஆனால் மைதானத்தில் அவன் விழுகிறான். ஓடும்போது விழுவதில்லை. மோதும்போதும், உருளும் பந்தைக் குனிந்து எடுக்கும்போதும் விழுவதில்லை. பந்து உயரமாக வந்து, அவன் அண்ணாந்து கைகளை உயர்த்தும்போது மட்டும் அடியோடு சாய்கிறான். கேட்டால், தோள் விட்டுவிட்டது என்கிறான்.

அவன் ஆடுவது ஆஸ்திரேலிய ஃபுட்பால். மெல்பேர்னில் வளர்ந்த யாழ்ப்பாணப் பிள்ளைக்கு அது அங்கேயே ஒட்டிக்கொண்டது. வேலைக்குத் துபாய் வந்த பிறகும் விடவில்லை. இங்கே ஆஸ்திரேலியர்கள் நடத்தும் 'கிரீக்' என்ற கிளப்புக்கு இப்போது அவன்தான் கேப்டன். முட்டை வடிவப் பந்து, முட்டை வடிவ மைதானம், தலைக்கவசம் கிடையாது. உயரமாக வரும் பந்தை, எதிராளியின் முதுகில் முழங்காலை ஊன்றி ஏறிக்கூடப் பிடிக்கலாம். அதற்கு 'மார்க்' என்று பெயர். வானத்தைப் பார்த்து ஓடுகிறவனின் விலா இரண்டு பக்கமும் திறந்து கிடக்கும். அங்கே தோளால் இடிப்பது ஆட்ட விதிக்கு உட்பட்டது.

மார்ச் மாத இறுதியாட்டத்தில் கார்னிஷ் என்ற எதிரணியின் டூலன் அப்படித்தான் இடித்தான். லாரி மோதியது போன்ற ஓசை கேட்டது. கிருபன் பக்கவாட்டில் பறந்து, தோளிலும் தலையிலுமாகத் தரையை அறைந்தான். தோள் மூட்டின் உருண்டை கழன்று சட்டைக்குள் முன்பக்கம் முட்டிக்கொண்டு நின்றது. டாக்டர், கோச், கஜந்தி எல்லோரும் அந்த உருண்டையைத்தான் பார்த்தார்கள். தலையில் பட்டதா என்று கேட்டபோது இல்லை என்றான். நம்பினார்கள்.

பிறகு கோடை. ஜூன் முதல் செப்டம்பர் வரை இங்கே வெளியில் நின்று பயிற்சி செய்ய முடியாது. சூரியன் விழுந்த பிறகும் காற்று அடுப்பிலிருந்து வருவது போல இருக்கும். அதனால் வளைகுடாவில் ஆடுகிறவர்களின் காயமெல்லாம் கூரைக்குக் கீழேதான் ஆறுகிறது. துபாயின் அல் கூஸ் பகுதியில் ஒரு கிடங்கை ஜிம்மாக மாற்றியிருந்தார்கள். தலைக்குச் சற்று மேலே ஏசி குழாய்கள். ரப்பர் பட்டை இழுத்தல், எடை தூக்கல், மார்பு உயரத்தில் பந்து எறிதல் என்று கஜந்தி கொடுத்த எல்லாவற்றிலும் கிருபன் தேறினான்.

அக்டோபரில் வெளியே வந்தார்கள். முதல் உயரப் பந்திலேயே விழுந்தான்.

நேற்றைய பயிற்சியில் இன்னும் மோசம். விழுந்தவன் விலா மேல் சக ஆட்டக்காரனின் முழங்கால் இறங்கியது. தூக்கிவிட நீட்டிய அவன் கையைத் தட்டிவிட்டு, எழுந்து அவன் வாயிலேயே குத்தினான் கிருபன். பல் உடைந்தது.

இன்று மாலை மறுபடி கார்னிஷ் அணி, மறுபடி டூலன். கஜந்தி சரி என்றால்தான் கோச் கிருபனை இறக்குவார்.

"ஏதாவது பிழை இருக்கோ?" என்று கேட்டான்.

"இல்லை."

"அப்ப ஓம் எண்டு சொல்லன்."

"நீ விழுறியேடா."

"விளையாட விளையாட இறுகும் அக்கா. இந்த மேசையில இருத்தி வைச்சு அமுக்கினா இறுகாது."

அளவில் குறையில்லாதவனை எந்தக் காரணம் சொல்லி நிறுத்துவது என்று அவளுக்குத் தெரியவில்லை. கோச்சுக்கு ஃபோன் செய்து, ஆடலாம் என்றாள். ஃபோனை வைத்த பிறகும் மனம் ஒப்பவில்லை.

மதியம் தொழுகை முடிந்து கடைகள் திறக்கிற நேரத்தில் அகிலா வந்தாள். கிருபனின் மனைவி. தமிழ்நாட்டுத் துறையூர்ப் பெண், துபாயில் இந்தியப் பள்ளி ஒன்றில் ஆசிரியை. கோடை விடுமுறை முழுவதும் ஊரில் இருந்துவிட்டு, பள்ளி திறந்தபோதுதான் திரும்பியிருந்தாள். பெரிய பை ஒன்றைத் தோளில் போட்டிருந்தாள். அவ்வளவு வெயிலிலும் முழுக்கைச் சட்டை.

கொஞ்ச நாள் கஜந்தியோடு தங்கிக்கொள்ளலாமா என்று கேட்டாள். ஏன் என்று கேட்டதற்குப் பதில் சொல்லாமல், இடது சட்டைக் கையை மேலே ஏற்றினாள்.

மேல்கையில் நான்கு விரல்கள் ஒரு பக்கம், கட்டைவிரல் மறுபக்கம். மஞ்சளும் கருநீலமுமாகக் கன்றியிருந்தது.

கஜந்திக்குக் காதில் இரைச்சல் ஏறியது. அவனை இன்றைக்கு டூலன் கொல்ல வேண்டாம், நானே கொல்கிறேன் என்றாள். சாவியைக்கூட எடுத்துவிட்டாள். அகிலாதான் பிடித்து உட்காரவைத்தாள்.

"அடிக்கல அண்ணி. தூங்கிட்டு இருக்கும்போது பிடிச்சாரு. கெணத்துல விழப்போறவன் கயித்தப் பிடிக்கிற மாதிரி. நான் கத்துனேன். எந்திரிச்சு ஒரு வார்த்தை பேசாம சோபாவுக்குப் போயிட்டாரு."

"எப்பத்தைய கதை இது?"

"நான் ஊர்லேருந்து வந்த புதுசுலயே ஒரு தடவ. போன வாரம் திரும்பவும். காலையில டாக்டர்கிட்ட போலாமான்னு கேட்டேன். பாத்ரூம் கண்ணாடிய ஓங்கிக் குத்துனாரு. சில்லு சில்லாப் போச்சு. என் காலைச் சுத்தியும் கண்ணாடி. அந்தச் சத்தத்துக்கு அப்புறம் எனக்கு அந்த வீட்ல இருக்கப் பயமா இருக்கு."

கஜந்தி அந்தக் கன்றலை மறுபடி பார்த்தாள். ஒருவரை உலுக்கினால் விரல் தடம் இழுபட்டிருக்கும். இது ஓரிடத்தில் அழுந்திய தடம். ஓடும் பேருந்தில் கம்பியைப் பிடிப்பவனின் பிடி. தம்பிக்காகச் சாக்குத் தேடுகிறோமோ என்று அவளுக்கே சந்தேகம் வந்தது. அதனால் தடத்தை விட்டுவிட்டுக் கேள்விகள் கேட்டாள். எந்தப் பக்கம் திரும்பும்போது பிடித்தான்?

தன் பக்கம் திரும்பும்போது என்றாள் அகிலா. அவனுக்கு இடப்பக்கம்.

"இப்ப எப்பிடிப் படுக்கிறவன்?"

"படுக்கறதே இல்ல. சோபாவுல உக்காந்தபடிதான் தூக்கம். என் மூஞ்சியப் பாக்கவே பிடிக்கலைன்னு நெனச்சேன்."

கஜந்தி திரும்பித் தன் சிகிச்சை மேசையைப் பார்த்தாள். காலையில் அவன் உட்கார்ந்திருந்த மேசை. அதன் தலைப்பக்கம் சாய்வாக உயர்ந்திருந்தது. தோள் அறுவைக்குப் பிறகு சாய்ந்து படுக்கச் சொல்வது வழக்கம். தோள் ஆறிய பிறகும் அவன் அதை இறக்கவிடவில்லை, வலிக்கிறது என்றான். மல்லாந்து தட்டையாக ஒரு முறைகூட அவனைப் படுக்கவைக்கவில்லை. ஜிம்மின் தாழ்ந்த குழாய்களுக்குக் கீழே ஒரு முறைகூட அண்ணாந்து பார்க்க வைக்கவும் இல்லை. மனைவி ஊரில் இருந்ததால் அவன் எப்படித் தூங்குகிறான் என்று பார்க்கவும் ஆளில்லை. கோடை எல்லாவற்றையும் மூடி வைத்திருந்தது.

தலை சாயும்போதும் திரும்பும்போதும் வருகிறது என்றால், அது தோள் இல்லை. மார்ச்சில் தலையும் தரையை அறைந்திருக்கிறது.

மூளைக்குள் இரத்தம் கசிந்திருந்தால்? அடிபட்ட மூளையில் இன்னொரு அடி விழுந்தால்? கிருபனை அழைத்தாள். எடுக்கவில்லை. கோச்சும் எடுக்கவில்லை. ஆட்டத்துக்கு முன் ஃபோன்களையெல்லாம் டிரெஸ்ஸிங் ரூமில் பூட்டிவிடுவார்கள்.

இரண்டு பெண்களும் காரில் ஏறினார்கள். வெள்ளிக்கிழமைக் கூட்டம் சாலையை அடைத்துக்கொண்டிருந்தது. அல் ஐன் சாலையில் ஏறி, ஆட்ட மைதானத்து விளக்குக் கம்பங்கள் கண்ணில் படும்போது விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. ஆட்டம் தொடங்கியிருந்தது.

கஜந்தி வேலியருகே ஓடி வந்தபோது பந்து வானத்தில் இருந்தது.

கிருபன் அதற்குக் கீழே ஓடிக்கொண்டிருந்தான். பின்னாலிருந்து டூலன் வந்தான். கிருபன் அண்ணாந்தான். இரண்டு தோள்களும் ஒரே உயரத்துக்கு எழுந்தன, அவள் ஆறு மாதம் உழைத்துக் கொடுத்த தோள்கள். ஆனால் கால்கள் தரையைத் தேடின. ஆடு அறுக்கும்போது மடங்குவது போல முட்டிகள் மடங்கின. குதித்து ஏறிவிட்ட டூலனால் நிறுத்த முடியவில்லை. அவன் முழங்கால் கிருபனின் முதுகில் இறங்கியது. கிருபனின் வாய் புல்லில் மோதியது.

டூலன் எழுந்து, நிற்கக் கற்றுக்கொண்டு வா நண்பா என்று சிரித்தான்.

கிருபன் எழுந்த வேகத்தில் தலையாலேயே அவன் மார்பில் முட்டினான். டூலன் திருப்பி அடித்தான். கிருபனின் புருவம் பிளந்தது. அதற்குள் இரண்டு அணிகளும் ஓடி வந்து மோதின. சட்டைகள் கிழிந்தன. கீழே விழுந்தவன் வயிற்றில் ஒருவன் மிதித்தான். நடுவரின் விசில் கத்திக்கொண்டே இருந்தது, யாரும் கேட்கவில்லை. கிருபன் டூலனின் கழுத்தைப் பிடித்திருந்தான். விரல்கள் உள்ளே புதைந்திருந்தன.

கஜந்தி அந்தக் குவியலுக்குள் புகுந்து தம்பியின் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தாள். யாரென்று பார்க்காமல் அவன் முழங்கையைப் பின்னால் வீசினான். அது அவள் வாயில் விழுந்தது.

திரும்பிப் பார்த்தான். அக்காவின் உதட்டிலிருந்து இரத்தம் முகவாய்க்கு இறங்கிக்கொண்டிருந்தது. அவன் கைகள் தாமாகத் தளர்ந்தன.

"நட," என்றாள் அவள்.

மைதானத்தின் எல்லைக் கோட்டருகே முதலுதவிக் கூடாரத்தில் ஒரு மடிப்பு மேசை இருந்தது. காலையில் தான் சொன்னது தவறு, இவன் இனி இறங்கமாட்டான் என்று கோச்சிடம் சொல்லிவிட்டு, தம்பியைப் படுக்கச் சொன்னாள். உட்காருகிறேன் என்றான். சாய்ந்துகொள்கிறேன் என்றான். தட்டையாகப் படு என்றாள். அவன் மேசையின் விளிம்பை இரண்டு கைகளாலும் பிடித்தான். பந்தாட்டத்தில் யாருக்கும் பயப்படாதவன், ஒரு மேசைக்குப் பயந்து நின்றான்.

"படுத்தா உலகம் பிரளுது அக்கா. மார்ச்சில இருந்து."

"ஏன் சொல்லேல்லை?"

மெல்பேர்னில் தன் பழைய கிளப்பின் கேப்டன் ஒருவரைப் பற்றிச் சொன்னான். தலையில் அடி வாங்கி வாங்கி, ஐம்பது வயதில் சொந்தப் பிள்ளைகளின் பெயர் தெரியாமல் போனவர். கோபம் வந்தால் வீட்டில் கையில் கிடைத்ததை உடைப்பார். தனக்கும் அது தொடங்கிவிட்டது என்று நினைத்திருக்கிறான். பெயர் வைத்துச் சொல்லிவிட்டால் அது நிஜமாகிவிடும் என்று வாயைத் திறக்கவில்லை.

கூடார வாசலில் அகிலா நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் அவளைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

கஜந்தி முதலில் அவனை மேசையில் உட்காரவைத்து, கழுத்தெலும்புகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தாள். வலியில்லை. கைகால் விரல்களை அசைக்கச் சொன்னாள். பார்வை, பேச்சு, நினைவு எல்லாம் கேட்டாள். சரியாக இருந்தன. பிறகு அவன் முகத்தை இரண்டு கைகளிலும் ஏந்தி, பாதியளவு இடப்பக்கம் திருப்பினாள். கண்ணை மூடாதே என்றாள். தலை மேசை விளிம்புக்கு வெளியே சற்றுத் தொங்கும்படி சட்டென்று பின்னால் சாய்த்தாள்.

ஓரிரு நொடிகள் ஒன்றும் நடக்கவில்லை. அதன்பின் தொடங்கியது. அவன் இரண்டு விழிகளும் மேல்நோக்கித் துடித்து, இடது காதுப் பக்கமாகச் சுழன்று சுழன்று இழுத்தன. அவன் அலறினான். கை காற்றில் துழாவி அவள் முன்கையைப் பிடித்தது. எலும்பு நொறுங்கும் பிடி. அவள் விடவில்லை. விழிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். துடிப்பு ஏறியது, தளர்ந்தது, ஒரு நிமிடத்துக்குள் தானாக அடங்கியது.

கஜந்தி மூச்சை விட்டாள்.

"மூளையோ அக்கா?"

"இல்லையடா. காது."

காதின் உள்ளே, கேட்கும் உறுப்புக்குப் பக்கத்தில், மூன்று வளைந்த குழாய்கள் இருக்கின்றன. உள்ளே நீர். கொத்தனாரின் ரசமட்டத்தில் குமிழி நகர்வது சாய்வைச் சொல்வது போல, இந்த நீர் நகர்வது தலை சுழல்வதை மூளைக்குச் சொல்கிறது. குழாய்களுக்கு அடியில் ஒரு சிறு அறை. அதில் பசை போன்ற ஒரு படலத்தின் மேல் மணலைவிட நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் ஒட்டியிருக்கும். எல்லோருக்கும் உண்டு. தலையில் பலமாக அடிபட்டால் சில துகள்கள் பெயர்ந்து குழாய்க்குள் போய்விடும். நிமிர்ந்து இருக்கும்வரை அடியில் கிடக்கும், தொல்லையில்லை. அண்ணாந்தாலோ படுத்துத் திரும்பினாலோ துகள் உருளும், நீரையும் இழுத்துக்கொண்டு போகும். தலை நின்ற பிறகும் நீர் ஓடும். உலகம் சுழல்கிறது என்று மூளை நம்பிவிடும்.

மூளையில் கோளாறு என்றால் விழித் துடிப்பு பெரும்பாலும் சாய்த்த உடனே தொடங்கும், அடங்காது. இது சற்றுத் தாமதித்துத் தொடங்கி, தானே அடங்கியது. துகள் உருள எடுத்த நேரம்தான் அந்தத் தாமதம். இருந்தாலும் நாளைக்கு ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும், அதுவரை ஆட்டத்தைப் பற்றிக் கதைக்கவே கூடாது என்றாள். தலை தொங்கியபடியே கேட்டுக்கொண்டிருந்த கிருபனின் கண்ணோரத்தில் நீர் வழிந்து, பிளந்த புருவத்து இரத்தத்தோடு கலந்து காதுக்குள் இறங்கியது.

அகிலா உள்ளே வந்தாள். மேசையருகே நின்று, மெதுவாகத்தான் கேட்டாள்.

"என் கையைப் பிடிச்சது காது. சரி. கண்ணாடியக் குத்துனது எது?"

வெளியே யாரோ கோல் அடித்தார்கள். கார்களின் ஹாரன்களை அழுத்திக் கொண்டாடினார்கள். அண்ணி பதில் சொல்வாள் என்று அகிலா எதிர்பார்க்கவில்லை. அவள் கணவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பையை இன்னும் தோளிலிருந்து இறக்கவில்லை.

அதற்கான மருத்துவம் கஜந்தியிடம் இல்லை. காதுக்கான மருத்துவம் இருந்தது. உதட்டு இரத்தத்தைப் புறங்கையால் துடைத்துவிட்டு, தம்பியின் தலையை மறுபடி பிடித்தாள்.

தொங்கிய தலையை, தொங்கியபடியே, இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் திருப்பினாள். மறுபடி சுழன்றது. காத்திருந்தாள். பிறகு உடலோடு வலப்பக்கம் உருளச் சொன்னாள். மூக்கு தரையைப் பார்த்தது. மறுபடி காத்திருந்தாள். கடைசியாக, முகவாய் மார்பைத் தொட, பக்கவாட்டிலிருந்து எழுப்பி உட்காரவைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து, முதல் சோதனையையே திரும்பச் செய்தாள். இடப்பக்கம் திருப்பிச் சாய்த்தாள். விழிகள் அசையாமல் அவளைப் பார்த்தன.

தோளில் செய்ய வேண்டியது எதுவும் இருக்கவில்லை. இடது காதின் பின்குழாயில் துகள் புகுந்திருந்தது. தலையை இடப்பக்கம் சாய்த்து, வலப்பக்கம் திருப்பி, உடலோடு உருட்டி, எழுப்பி உட்காரவைத்தால் அது வந்த வழியே வெளியேறித் தன் அறைக்குள் விழுந்துவிடும்.